அண்ணிக்கு நான் கொடுத்த மாத்திரை

எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்கு முதலில் கேட்பது மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் கிழிகிற சத்தம். அண்ணி சமையலறை விளக்கைப் போடமாட்டார். இருட்டிலேயே அலமாரியின் இரண்டாம் தட்டில் கையை விட்டு, மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். அதிலிருந்து ஒரு மணி நேரம் தேநீர் கிடையாது. அண்ணிக்குக் கிடையாது என்றால் அண்ணனுக்கும் கிடையாது.

"தைராய்டு அவளுக்கு, பத்தியம் எனக்கு" என்பான் அண்ணன். குளிர்பெட்டி பழுது பார்ப்பது அவன் தொழில். காலையில் தேநீர் இல்லாமல் திருப்புளியைத் தொட்டால் அவனுக்குக் கை நடுங்குமாம்.

"கை நடுங்குறவன் ஏன் அடுப்பு பக்கம் போய் நீயே போட்டுக்கக் கூடாது?"

"நான் போட்டா நீ குடிக்கணும்னு ஆசைப்படுவே. உன் நல்லதுக்குத்தான் இருக்கேன்."

இப்படித்தான் நாள் தொடங்கும். நான் பாயைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எட்டு மேடைகளுக்கும் மேலே, மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் சீட்டுகளைக் குத்திவைக்க ஒரு கம்பி. அங்கிருந்து அண்ணி, "பயணிகள் கவனத்திற்கு" என்றால் கீழே ஆயிரம் பேர் தலையைத் தூக்குவார்கள். அழகான குரல் என்று சொல்ல முடியாது. தெளிவான குரல். வேர்க்கடலை மென்றுகொண்டிருப்பவனுக்கும், குழந்தை அழுகிறவளுக்கும், காது மந்தமான பெரியவருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு பையும் நானும். யாராவது பெயர் கேட்டால்கூட எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர்கள், "பொண்ணு ஊமையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணிதான் பதில் சொன்னார். "பேசறதுக்கு இந்த வீட்டுல ஒருத்தி சம்பளமே வாங்கறா. அவ கேக்கறதுக்கு வந்திருக்கா." சத்தமில்லாமல் நடமாடுவதால் அன்றிலிருந்து எனக்குப் பெயர் பூனை. பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டபோதும் அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் தோழி நடத்தும் அழகு நிலையத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டார். "இவ கை பேசும். வாயை எதிர்பாக்காதீங்க" என்று முதலாளியம்மாவிடம் சொன்னார். அப்படி ஒரு சிபாரிசு எனக்கு வேறு யார் செய்திருப்பார்கள்?

அண்ணிக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். அவரை எல்லோரும் ஏழு என்றே கூப்பிடுவார்கள். ஒருநாள் மாடிப்படியின் கீழே நின்று, "என்னம்மா, உங்க குரல் கம்பளி போத்திக்கிட்டு வருது? சளியா?" என்று கேட்டார். சளி இல்லை. ஒரு வாரம் கழித்தும் கம்பளி இறங்கவில்லை. அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். அந்த அறிக்கையைப் பார்த்து டாக்டரம்மா சொன்னதை அண்ணி இன்னும் சொல்லிக் காட்டுவார்.

"கழுத்துல இருக்கிற சுரப்பி சோம்பேறியாயிடுச்சு. அது வேலை செய்யலேன்னா மூளை மைக்கைப் பிடிச்சுக் கத்தும். வேலை செய், வேலை செய்னு. அந்தக் கத்தல்தான் இந்த டி.எஸ்.எச். எண். எண் ஏறியிருந்தா மூளை கத்துதுன்னு அர்த்தம். மாத்திரை சரியான அளவுல போச்சுன்னா மெதுவா பேச ஆரம்பிக்கும். நீங்க அறிவிப்பாளர், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஐம்பதில் தொடங்கினார்கள். எட்டு வாரம் கழித்து ரத்தம். எழுபத்தைந்து. மறுபடி எட்டு வாரம், மறுபடி ரத்தம். நூறு. நூறில் வந்து நின்றது. நூறு மைக்ரோகிராம் என்பது ஒரு கடுகில் எத்தனை பங்கோ தெரியாது, ஆனால் அது அண்ணியைத் திருப்பிக் கொண்டுவந்தது. கம்பளி இறங்கியது. அண்ணன் வேலை முடிந்து வந்தால் அவனோடு சண்டை போடும் தெம்பு வந்தது. அதற்கு அவன் டாக்டரம்மாவுக்கு ஒரு குளிர்பெட்டியை இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போன மூன்றாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறைத் தண்ணீர் போகும் துளையில். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, கையில் ஒரு உருண்டை முடியோடு அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆனால் அந்த உருண்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் அழகு நிலையத்தில் முடிக்கென்று ஒரு மாத்திரை விற்பார்கள். ஆரஞ்சு நிறம். பயோட்டின் என்று பெட்டியில் போட்டிருக்கும். வேலை செய்பவர்களுக்கு முதலாளியம்மா மாதம் ஒரு பெட்டி தருவார். என் முடி கொட்டவில்லை. நான் பெட்டியைக் கொண்டுவந்து அண்ணியின் தலையணை மேல் வைத்தேன்.

"எனக்கா?"

தலையாட்டினேன்.

"இது மருந்தா?"

இல்லை என்று தலையாட்டினேன். முடிக்குச் சாப்பாடு என்று கையால் காட்டினேன். அண்ணி என் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டு, "என் பூனை எலி பிடிச்சுட்டு வந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவு ஒன்று. நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் கொடுக்கும் நாள் வந்தது. ரத்தம் கொடுக்கும் காலையில் தைராய்டு மாத்திரை போடக் கூடாது, எடுத்த பிறகுதான் போட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. நாலு வருடப் பழக்கம் அண்ணியின் கைக்கு. ஐந்து மணிக்கு அது தானாக இரண்டாம் தட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"கை போகுது, வாய் தொறக்குது, உள்ள போட ஒண்ணுமில்ல" என்றார் அண்ணி, இருட்டில், தண்ணீர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டு.

நான் ஆரஞ்சு மாத்திரையை நீட்டினேன். "இதையாவது போடுங்க அண்ணி."

முழு வாக்கியம். காலை ஐந்து மணிக்கு. அண்ணி சிரித்துவிட்டார். "பூனை பேசிடுச்சு. பேசினதுக்காகவே போடறேன்."

போட்டுக்கொண்டு போனார். அறிக்கை வந்தது. டி.எஸ்.எச். தரையைத் தொட்டிருந்தது. ரத்தத்தில் தைராய்டு எவ்வளவு என்று சொல்லும் இன்னொரு எண் மேலே போயிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "மூளை மைக்கையே அணைச்சிடுச்சு. மாத்திரை அதிகமாப் போகுது. இப்படியே விட்டா இதயம் படபடன்னு அடிக்கும், எலும்பு தேயும். குறைப்போம். வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றார் அண்ணி. அவர் பொய் சொல்லவில்லை. முடிக்குச் சாப்பாடு மருந்தா?

எழுபத்தைந்து. எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம். அன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு, காலியாக இருந்த அந்த இடத்தில், நான் ஆரஞ்சு மாத்திரையைக் கொடுத்தேன். இந்த முறை நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. அறிக்கையில் மறுபடி அதே கதை. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு குறைச்சும் அந்த மேல போன எண் இறங்கலையே." ஐம்பது.

கம்பளி திரும்ப வந்தது. இந்த முறை மெத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அண்ணி உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டார். "பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுல பிரிட்ஜ் எதுக்குன்னு நீயே ஆயிட்டியா?" என்று அண்ணன் கேட்டால், முன்பெல்லாம் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுப்பவர், இப்போது, "ம்" என்றார். அந்த 'ம்'முக்குப் பிறகு அண்ணன் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டான். வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு அமைதி பிடிக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நிலையத்திலும் தெரிந்தது. ஓட்டுநர் ஏழு மாடிப்படியடியில் நின்று, "உங்க குரலைக் கேட்டு நான் வண்டியை எடுத்தா, பயணிங்க எல்லாம் தூங்கிடுவாங்க போல இருக்கே" என்றார். கேலியாகத் தொடங்கியவர் கடைசியில் கேலியாக முடிக்கவில்லை. "டாக்டரைப் பாருங்கம்மா" என்றார்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மாத்திரை அதிகமாப் போகுதுன்னுதான் எண் சொல்லுதாம். நான்தான் நல்லா இல்ல."

ஒரு மாலை நாலரை மணிக்கு அது நடந்தது. ஏழாம் எண் பேருந்து இரண்டாம் மேடையில் நிற்கிறது. சீட்டில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே ஆறாம் மேடை என்று அறிவித்தார். திருத்தவும் இல்லை. மூட்டைமுடிச்சோடு அறுபது பேர் ஆறாம் மேடைக்கு ஓடினார்கள், அங்கே வேறு பேருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த பிரேக் சத்தம் மாடி அறை வரை கேட்டது. அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "அம்மா, உங்களை நான் குறை சொல்லல. பதினோரு வருஷமா உங்க குரல்லதான் இந்த நிலையம் ஓடுது. ஆனா நேத்து மாதிரி இன்னொரு தடவை ஆனா, யாராவது சக்கரத்துல விழுந்தா? ஒண்ணாம் தேதியிலேருந்து பார்சல் ரூமுக்குப் போயிடுங்க. சம்பளம் மாறாது."

"மைக்குக்குத் திரும்ப வரலாமா சார்?"

"குரல் திரும்பி வந்தா பாப்போம்."

சம்பளம் மாறாது என்று அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அண்ணி, "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அது. வேற எதுவும் நான் நல்லாப் பண்ணினதில்ல" என்றார். சோற்றைக்கூட நீங்கள் நன்றாகத்தான் சமைக்கிறீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. நல்லவேளை, வரவில்லை. அது ஆறுதல் இல்லை.

ஒண்ணாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அடுத்த ரத்தம். முந்தைய தடவைகளைப் போலவே நானும் கூடப் போனேன், இப்போது அண்ணியால் தனியாகப் படியேறவும் முடியாது. பரிசோதனைக்கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, குழாய்களை வரிசையாகக் குத்திவைத்த ஒரு தட்டு. ரத்தம் எடுப்பவரை நானும் அண்ணியும் வலிக்காத அக்கா என்று சொல்வோம். ஊசி போடுவதற்கு முன்னால் எதையாவது கேட்பார், பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அண்ணிக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். மற்ற இடங்களில் இரண்டு மூன்று முறை குத்தியிருக்கிறார்கள். இந்த அக்கா ஒரு முறைக்கு மேல் குத்தியதே இல்லை.

அந்த அக்காவுக்கு நான் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். தலையில் வலை போட்டிருப்பார். வலைக்குக் கீழே முன்பக்கம் முடி நன்றாகக் குறைந்திருப்பது எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் அதுதான் முதலில் கண்ணில் படும். அந்த மாதம் கிடைத்த பெட்டியை அவருக்காகப் பையில் வைத்திருந்தேன்.

"இன்னிக்கு என்ன சமையல்?" என்றார் அக்கா.

"யார் சமைக்கிறது? நாத்தனார்தான்..." என்று அண்ணி சொல்வதற்குள் குழாய் நிறைந்துவிட்டது. பஞ்சை அழுத்தி மடக்கச் சொன்னார். குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் பெட்டியை மேஜைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். "உங்களுக்குத்தான் அக்கா. முடிக்கு. நல்ல மாத்திரை. எங்க அண்ணியும் இதைத்தான் சாப்பிடுறாங்க."

அக்காவின் கை குழாயோடு அப்படியே நின்றது.

"யாரு சாப்பிடுறாங்க?"

"அண்ணி."

"எத்தனை நாளா?"

நான் விரல்விட்டு எண்ணினேன். "ஆறு மாசம்."

"கடைசியா எப்பப் போட்டாங்க?"

எனக்கு என்னமோ தப்பு என்று புரிய ஆரம்பித்தது. ஆனால் எது என்று தெரியவில்லை. "இன்னிக்குக் காலையில. அஞ்சு மணிக்கு. நான்தான் கொடுத்தேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அது ஏதோ குறும்பு செய்த பிள்ளை மாதிரி பார்த்தார். "இந்த ரத்தம் பொய் சொல்லும்மா" என்றார் அண்ணியிடம். "எங்க மெஷின் எண்ணைக் கண்டுபிடிக்கறதே உள்ள இருக்கிற பயோட்டினை வெச்சுத்தான். வெளியிலேருந்து பயோட்டின் நிறைய வந்துட்டா மெஷின் குழம்பிடும். இறங்காத எண்ணை இறங்கினதாக் காட்டும், ஏறாததை ஏறினதாக் காட்டும். முடி மாத்திரை சாப்பிடுறவங்களை ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு வரச் சொல்லணும். உங்ககிட்ட நான் கேக்கவே இல்ல பாருங்க. சமையல் எல்லாம் கேட்டேன்."

"அப்போ என் உடம்புல மாத்திரை அதிகமாகவே இல்லையா?" என்றார் அண்ணி மெதுவாக.

"நான் டாக்டர் இல்ல. ஆனா இந்தக் குழாயை நான் மெஷின்ல வைக்கமாட்டேன். அந்த முடி மாத்திரையை நிறுத்திட்டு நாலு நாள் கழிச்சு வாங்க. டாக்டரம்மாகிட்ட இப்பவே போன்ல சொல்றேன்."

இருவரும் படியிறங்கினோம். எட்டாம் படியில் அண்ணி நின்று மூச்சு வாங்கினார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பேசிய ஒரு முழு வாக்கியம். இதையாவது போடுங்க அண்ணி. அதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள ஒரு வழி இருந்தால் தேவலை.

"பூனை."

நிமிரவில்லை.

"அந்தப் பெட்டியை அக்காவுக்குக் கொண்டுவரணும்னு உனக்கு ஏன் தோணுச்சு?"

"வலிக்காம... உங்களுக்கு வலிக்காம எடுக்கறாங்கல்ல."

அண்ணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தார். கம்பளிக்குள்ளிருந்து வந்த சிரிப்பு. மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. "நீ அதைக் கொண்டுவரலேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும் தெரியுமா? ஐம்பது இருபத்தஞ்சு ஆயிருக்கும். நான் பார்சல் மூட்டை மேலேயே படுத்துத் தூங்கியிருப்பேன். கெடுத்ததும் உன் பெட்டி, காப்பாத்தினதும் உன் பெட்டி. கணக்கு தீந்துபோச்சு. வா, பசிக்குது."

நாலு நாள் கழித்து எடுத்த ரத்தம் உண்மையைச் சொன்னது. நாலு வரை இருக்க வேண்டிய டி.எஸ்.எச். நாற்பத்திரண்டு. டாக்டரம்மா அறிக்கையை மேஜைமேல் வைத்தார்.

"மூளை தொண்டை கிழியக் கத்திட்டிருந்திருக்கு. நான் அணைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்" என்றார். "உங்க முகம் ஒண்ணு சொல்லிச்சு, காகிதம் ஒண்ணு சொல்லிச்சு. நான் காகிதத்தை நம்பிட்டேன். மன்னிச்சுக்குங்க. வேற மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டேனே தவிர, வேற என்ன முழுங்குறீங்கன்னு கேக்கல. இனிமே அப்படித்தான் கேப்பேன்."

எனக்கு டாக்டர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று தெரியாது. அண்ணிக்கும் தெரியாது போலிருக்கிறது. "அய்யோ, பரவால்ல டாக்டர், எங்க வீட்டுப் பூனை கொண்டுவந்த எலி அது" என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிரித்தார்.

மறுநாளிலிருந்து பழைய நூறு. "நாளைக்கே குரல் வந்துடாது" என்று எச்சரித்தார். "ஆறு வாரம், எட்டு வாரம். அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தா எண் பாதி வழியில நிக்கும், நம்மளையும் குழப்பும். பொறுமையா இருங்க." மேலாளருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். குரல் மங்கியது நோய் முற்றியதால் இல்லை, மாத்திரை அளவு தவறிப் போனதால், இரண்டு மாதத்தில் சரியாகும் என்று.

அன்று இரவு சாப்பிடும்போது அண்ணனிடம் நானே சொன்னேன். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தான்.

"புரிஞ்சுது" என்றான் கடைசியில். "சென்சார் கோளாறு. போன வாரம்கூட ஒரு கடையில பாத்தேன். உள்ள பாலெல்லாம் திரிஞ்சு கிடக்கு, மீட்டர் மட்டும் ஜில்லுன்னு காட்டுது. ஜில்லுன்னு இருக்கேன்னு மோட்டாரும் நின்னுடுச்சு. மோட்டார் மேலயும் தப்பில்ல, பால் மேலயும் தப்பில்ல." பிறகு என்னைப் பார்த்தான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். தலைமுடிக்கு வந்தது கழுத்துக்குப் போனதை இந்த வீட்டுலதான் பாக்குறேன்."

அண்ணி புரையேறும் வரை சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

கடிதத்தைப் படித்த மேலாளர், "ரெண்டு மாசம். அப்புறம் நானே கீழ நின்னு கேப்பேன்" என்றார். ஒண்ணாம் தேதி அண்ணி பார்சல் அறைக்குப் போனார். மாடிக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல பெண், அவளுக்கும் தொண்டையில் பயம். முதல் வாரம் மதிய இடைவேளையில் அண்ணி மாடியேறிப் போய் அவளுக்குச் சீட்டு குத்தும் வரிசையைச் சொல்லிக்கொடுத்தார். இடத்தைப் பறித்தவளுக்குப் பாடமா என்று அண்ணன் கேட்டான். "தப்பாச் சொன்னா ஓடப்போறது அவ இல்ல, பயணிங்க" என்றார்.

அந்த எட்டு வாரம் நான் அண்ணியின் காலை நேரத்துக்குக் காவல் நின்றேன். ஐந்து மணிக்கு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். ஆறு மணி வரை யாரும் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் அண்ணி ஸ்வெட்டரைக் கழற்றினார். நாலாம் வாரம் பார்சல் மூட்டைகளைக் கையால் தூக்க ஆரம்பித்தார். ஐந்தாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு மூச்சுவிடாமல் நாலு நிமிடம் திட்டினார். அண்ணன் துண்டை எடுக்காமல், வாயெல்லாம் பல்லாக நின்று முழுவதையும் கேட்டான். "இன்னும் கொஞ்சம் திட்டேன்" என்றான்.

ஏழாம் எண் ஓட்டுநர் தினமும் பார்சல் அறைச் சன்னலில் தலையை நீட்டி, "ஏழாம் எண்ணுன்னு சொல்லுங்க பாப்போம்" என்பாராம். அண்ணி சொல்வார். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம்ஹூம், இன்னும் ஒரு போர்வை பாக்கி" என்று போய்விடுவார். ஒருநாள் ஒன்றுமே சொல்லாமல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டிக்கு ஓடினாராம்.

எட்டாம் வாரம் ரத்தம் கொடுக்கப் போனோம். பரிசோதனைக்கூடத்தின் சுவரில், மின்விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில், கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'முடி, நகம், தோல் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ரத்தம் எடுக்கும் முன் சொல்லுங்கள்.' கீழே ஆரஞ்சு நிறப் பேனாவால் ஒரு மாத்திரை வரைந்திருந்தார் வலிக்காத அக்கா.

"உங்க நாத்தனார் பேரையும் போடலாம்னு பாத்தேன்" என்றார் அண்ணியிடம். "இந்த ஒரு மாசத்துல அஞ்சு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டியை நான் வாங்கிக்கலேன்னு வருத்தமா?" என்றார்.

இல்லை என்றேன். வாயால். பதிலுக்கு வேறு ஒன்று கொண்டுவந்திருந்தேன். வலையின் ரப்பர் முன்நெற்றியை இழுப்பதால்தான் அங்கே முடி போகிறது. இழுக்காத மாதிரி பருத்தித் துணியில் ஒரு தொப்பி தைத்திருந்தேன். அக்கா அதைப் போட்டுக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று அண்ணியிடம் கேட்டார், பதில் வருவதற்குள் ரத்தம் எடுத்து முடிந்திருந்தது.

டி.எஸ்.எச். மூன்று. "இனி ஆறு மாசத்துக்கு இந்த நூறுல யாரும் கை வைக்கக் கூடாது, நான் உட்பட" என்றார் டாக்டரம்மா.

மேலாளர் சொன்ன நாள் ஒரு திங்கட்கிழமை. நான் வேலைக்குப் போகும் பேருந்து ஏழுதான். எட்டு மணிக்கு இரண்டாம் மேடையின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறாம் மேடையின் தூணருகே நின்றார், அன்று மூட்டையோடு எல்லோரும் ஓடிய அதே இடத்தில். ஏழு, வண்டியின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. புதுப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது.

"பயணிகள் கவனத்திற்கு. ஏழாம் எண் பேருந்து இரண்டாம் மேடையிலிருந்து இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும்."

என் பக்கத்தில் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தவர் எழுந்து பையை எடுத்தார். மூன்றாம் மேடையில் குழந்தையைத் தோளில் போட்டிருந்தவள் திரும்பி நடந்து வந்தாள். யாரும் எதையும் விசேஷமாகக் கவனித்த மாதிரி தெரியவில்லை. சரியான பேருந்தில் ஏறினார்கள், அவ்வளவுதான். மேலாளர் மாடியைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போனார். நிலையத்துக்குள் ஒலி எழுப்பக் கூடாது என்று பலகை போட்டிருக்கிறது. ஏழு அதற்கு நேர் எதிரில் உட்கார்ந்து ஹாரனை ஒரே ஒரு முறை அழுத்தினார்.

"ஏம்மா, ஏறலையா? உங்க வண்டிதானே?" என்று கேட்டார் என்னைப் பார்த்து.

"அடுத்ததுல வர்றேன்" என்றேன்.

அடுத்தது பதினைந்தாம் எண், நாலாம் மேடை. அதற்கடுத்தது மூன்றாம் எண், எட்டாம் மேடை. எதிலும் நான் ஏற வேண்டியதில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டேன். அழகு நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். முதலாளியம்மா காரணம் கேட்டார்.

"பஸ்ஸை விட்டுட்டேன்" என்றேன்.

"பஸ் நிலையத்துலேயே உன் அண்ணி இருக்கும்போதா?"

"அதனாலதான்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த பெண்ணின் தோளில் துண்டைப் போர்த்தினேன்.